ஐந்து வருடத் திட்டத்தில் இலோனா இல்லை

"உயிரோட இருக்கிறாள் தானே? அது காணாதோ உங்களுக்கு?"

"மூண்டு மாசம் பகலில வாசல் கதவைத் திறக்கேலாமல் கிடக்கிறது உயிரோட இருக்கிறதோ, டிலக்சி? நீர் ஒருக்கா யோசிச்சுப் பாரும்."

"நான் யோசிச்சிட்டன். பதினைஞ்சுக்குத்தான் போடுவன்."

"உமக்கென்ன விசரே? அது மெசின். ஒரு மெசினைப் பாத்துப் பிள்ளை எண்டு சொல்லுறீர்."

"மெசின் எண்டா நீங்கள் ஏன் நேற்று அழுதனீங்கள்?"

 நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது.

நான் ஒட்டுக்கேட்கப் போகவில்லை. பிரஸ்ஸல்ஸில் அந்தப் பெரிய வட்ட மண்டபத்தில் இடைவேளை விட்டிருந்தார்கள். எல்லோரும் காப்பி குடிக்கப் போய்விட, இந்தக் கணவனும் மனைவியும் மட்டும் மேசையிலேயே இருந்தார்கள். மேசை மைக்கில் சிவப்பு விளக்கு எரிவதை இரண்டு பேருமே பார்க்கவில்லை. மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் ஹெட்போனோடு நான். பக்கத்துக் கூண்டில் இருந்த லித்துவேனியக்காரருக்கும் அதே சத்தம் போயிருக்கும். அவருக்கு அது ஏதோ ஒரு மொழியில் ஏதோ ஒரு சண்டை. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. ஹெட்போனைக் கழற்ற மனம் வரவில்லை.

நான் மொழிபெயர்ப்பாளன். சொந்த ஊர் சாத்தூர். பெல்ஜியத்துக்கு வந்து தலை நரைத்துவிட்டது. வழக்கமாக எனக்கு நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும்தான் வேலை. இந்த மன்றத்துக்கு ஒரு தமிழ் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டபோது எனக்கே ஆச்சரியம்.

மன்றம் என்றால் குடிமக்கள் எரிசக்தி மன்றம். இத்தனை வருடமாக, ஐரோப்பிய அரசுகள் எரிவாயுவை எப்போது நிறுத்துவது என்று ஒரு தேதி குறிப்பார்கள், தேதி நெருங்கினால் தள்ளிவைப்பார்கள். குளிர் கடுமையாக இருந்தால் தள்ளுவார்கள். தேர்தல் வந்தால் தள்ளுவார்கள். கடைசியில் அவர்களுக்கே அலுத்துப்போய், சீட்டுக் குலுக்கிச் சாதாரண ஜனங்களைக் கூட்டி, "நீங்களே சொல்லுங்கள், நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம்" என்றார்கள். கேள்வி ஒன்றுதான். எரிவாயுவை ஐந்து வருடத்தில் அடியோடு நிறுத்துவதா, பதினைந்து வருடத்தில் மெதுவாக நிறுத்துவதா? ஐந்து என்றால் இப்போது உள்ளவர்களுக்கு வேலை போகும், சில ஊர்களே காலியாகும், சில குளிர்காலங்கள் கொடுமையாக இருக்கும். பதினைந்து என்றால் அந்தக் கஷ்டம் எல்லாம் பின்னால் வருகிறவர்கள் தலையில் வெயிலாக இறங்கும்.

மன்றத்தில் ஒரு நல்ல விதி வைத்திருந்தார்கள். எந்த மொழியில் உங்களுக்குக் கோபம் வருமோ அந்த மொழியில் பேசலாம். அதனால்தான் டிலக்சனாவுக்கு நான். பருத்தித்துறையில் பிறந்து, கல்யாணமாகி ஜெர்மனியின் வடகடல் ஓரத்தில் ஒரு சின்னத் துறைமுக ஊருக்கு வந்த பெண். பேக்கரியில் வேலை. ஜெர்மன் நன்றாகப் பேசுவார், ஆனால் கோபம் தமிழில்தான் வரும் என்றார். கணவர் யதுசனுக்கு அந்த ஊரில் கப்பலில் வரும் எரிவாயுவை இறக்கும் நிலையத்தில் வேலை. துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம் என்பதால் அவரும் வந்திருந்தார். பிள்ளைக்காக வருடக்கணக்கில் வைத்தியம் பார்க்கிறார்கள் என்பதை டிலக்சனா முதல் நாளே சொல்லிவிட்டார். யாரைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வார் போல. யாராவது கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால் வலி குறைவு.

இன்னொரு விதியும் இருந்தது. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். வாக்களிப்பவர் ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு நாற்காலி. அதில் வருநர் உட்காருவார். வருநர் என்றால் இனிமேல் பிறக்கப்போகிறவர். அதை நடத்தியவர் லீஸ்பெத் என்ற பெண், பெல்ஜியத்து ஃப்ளெமிஷ்காரர். அவர் விளக்கியதை நான் என் தமிழில் சொன்னேன்.

"நாளைக்கு மழைன்னு சொல்றோம்ல. அந்த மழை இப்ப எங்க இருக்கு? எங்கயும் இல்ல. ஆனா குடை எடுத்துட்டுத்தான போறீங்க? இவங்களும் அப்படித்தான். உங்க குடும்பம், உடம்பு, வேலை, ஊரு, நாம போடப்போற திட்டம், எல்லாத்தையும் சேத்துக் கணக்குப் போட்டா, உங்களுக்கு அடுத்து வர்றதுக்கு அதிக வாய்ப்பு இருக்கிற ஆளு இவங்க. வயசானவங்களாத்தான் காட்டுவோம். வாழ்ந்து பாத்தவங்க சொன்னாத்தான் அந்தக் காலம் எப்படின்னு தெரியும்."

"எனக்கு அடுத்து எண்டா?"

"உங்க மக."

டிலக்சனா வாயைப் பொத்திக்கொண்டார்.

எதிர் நாற்காலியில் மெல்ல ஒரு உருவம் வந்தது. வெள்ளை முடி. மாநிறம். கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டு. அறுபதைத் தாண்டிய ஒரு பெண். பெயர் இலோனா.

"அண்ணா," என்றார் டிலக்சனா என்னிடம். "எனக்கு முப்பத்தெட்டு. இவ என்னைவிட எவ்வளவு மூத்தவ. வாங்கோ எண்டு சொல்லுறதோ, வா எண்டு சொல்லுறதோ?"

"உங்க பிள்ளைதானம்மா."

"அப்ப, வா பிள்ளை. சாப்பிட்டியோ?"

இலோனா ஜெர்மனில் பேசுவார், அதை நான் தமிழாக்குவேன். நான் பேசினால் சாத்தூர்தான் வரும். இரண்டாம் நாள் டிலக்சனா சிரித்துக்கொண்டே கேட்டார். "என்ர பிள்ளை ஏன் அண்ணா இந்தியத் தமிழ் கதைக்கிறாள்?"

"எனக்குத் தெரிஞ்சது இதுதாம்மா."

"பரவாயில்லை. வந்து கதைக்கிறதே காணும்."

ஒரு நாள் ஐந்து வருடத் திட்டத்தைப் போட்டுக் காட்டினார்கள். டிலக்சனாவுக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது. எரிவாயு நிலையம் மூடப்படும், கணவனுக்கு வேலை போகும், ஊர் மாற வேண்டும், வைத்தியம் பாதியில் நிற்கும், அந்த வழியில் எப்படிக் கணக்குப் போட்டாலும் பிள்ளை வரவில்லை என்றார் லீஸ்பெத். அவர் நல்ல பெண். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

மண்டபம் முழுக்க அன்று அப்படித்தான். சிலருக்கு ஐந்தில் ஆள் இருந்தது, பதினைந்தில் இல்லை. சிலருக்கு நேர்மாறாக. சிலருக்கு இரண்டிலும் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் அதுவே ஒரு சாதியாகிவிட்டது. இரண்டிலும் ஆள் உள்ளவர்கள் ஒரு மேசையில் சத்தமாகச் சிரித்துச் சாப்பிட்டார்கள். நாட்டின் கடன், காற்றாலை, சூரியத் தகடு என்று கொள்கை பேசியதெல்லாம் அவர்கள்தான். மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

இலோனா தன் காலத்தைப் பற்றி நிறையச் சொன்னார். விடியும் முன் ஊரே ஆற்றங்கரைக்குப் போகுமாம். "அந்த நேரம் மட்டும் காத்து நல்லா இருக்கும். எல்லாரும் வந்துருவோம். சீட்டு ஆடுவோம், வம்பு பேசுவோம். அப்ப உயிரோட இருக்கிறது நல்லாத்தான் இருக்கும்" என்றார். வெயில் ஏறியதும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கோடை முழுக்க அப்படித்தான். தெருவில் எதிர்ப்பக்கத்து வீடுகளில் ஆள் இல்லை.

சண்டைக்கு முந்தின நாள் டிலக்சனா கேட்டார். "உனக்குப் பிள்ளையள் இருக்கோ?"

இலோனா கொஞ்ச நேரம் துண்டைப் பிழிந்தார். பிறகு சொன்னதை நான் அப்படியே சொன்னேன். "ஒரு பையன் இருந்தான். கூரை வேலை பாத்தான். வெயில்ல கூரை ஏறக்கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு. சட்டம் இருந்தா என்ன, வயிறு இருக்குல்ல. ஒருநா கூரையிலயே சாஞ்சிட்டான்னு வந்து சொன்னாங்க."

யதுசன் எழுந்து வெளியே போனதை நான் மேலிருந்து பார்த்தேன்.

இவ்வளவும் தெரிந்தால்தான் அந்த இடைவேளைச் சண்டை உங்களுக்குப் புரியும். நிலையம் மூடினால் வேலை போகப்போவது யதுசனுக்கு. ஆனாலும் ஐந்துக்குப் போடு என்றவர் அவர்தான். பதினைந்துக்குத்தான் போடுவேன் என்றவர், அந்த நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்த டிலக்சனா.

நான் கீழே இறங்கிப்போய் மைக்கை அணைத்தேன். டிலக்சனா என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"கேட்டதோ அண்ணா?"

"கேட்டுச்சும்மா."

"சரி விடுங்கோ. எங்கட வீட்டில மேல்மாடிச் சனத்துக்கும் இது கேக்கிறதுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அவளின்ர தலைமயிரைப் பின்னிவிட வேணும்போல இருக்கு. வெள்ளை மயிர் எண்டாலும் பரவாயில்லை. இதென்ன ஆசை எண்டு இவர் பேசுறார்."

"நான் அதைப் பேசேல்லை" என்றார் யதுசன், கொஞ்சம் தள்ளி நின்றபடி. "பின்னிவிட்டுட்டு அந்த வெயிலுக்குள்ள விட்டுட்டுப் போவீரோ எண்டுதான் கேட்டனான்."

அன்று மத்தியானம்தான் அது நடந்தது. நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும், ஐந்து நிமிடத்துக்குள், ஊரில் எந்த இடம் என்று கேட்காமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அது இன்னும் கூடுதல். டிலக்சனா அதைத் தன் மகளிடமே கேட்டார். வேண்டுமென்றுதான். தான் போன பிறகும் மகளுக்குத் தன் ஊர் நினைவில் இருக்கிறதா என்று கேட்டு மகிழ ஆசை.

"உன்ர அம்மாவின்ர ஊர் எது, சொல்லு பாப்பம்."

இலோனா சிரித்தார். "அட்டன்."

"எது?"

"அட்டன். மலை மேல. தேயிலைத் தோட்டம். அம்மா வளந்து பெரியவளாகிறவரைக்கும் கடலே பாத்ததில்லையாம். மீன் வாசம் வந்தாலே மூக்கப் பொத்திக்குவாங்க."

பருத்தித்துறையில் கடலுக்குள் கல் எறிந்தால் விழுகிற தூரத்தில் பிறந்தவர் டிலக்சனா. முந்தின நாள்கூட, பிரஸ்ஸல்ஸில் நல்ல சூடை மீன் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் விசாரித்தார்.  என்னிடம் திரும்பி, "அண்ணா, நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்களோ?" என்றார்.

"சரியாத்தாம்மா சொன்னேன்."

"அப்பா எவடம்?"

"கிளிநொச்சி."

யதுசன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கிளிநொச்சிப் பக்கமே போனதில்லை.

லீஸ்பெத் உடனே எல்லாவற்றையும் நிறுத்தி, எங்கள் மூன்று பேரையும் ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். திரையில் எதையெதையோ பார்த்தார். 

"பேரின்பநாதன்ங்கிறது உங்க குடும்பப் பேருதானே?" என்று கேட்டார்.

"அது என்ர அப்பாவின்ர பேர்" என்றார் யதுசன். "அப்பப்பாவின்ர பேர் வேற. எனக்குப் பிள்ளை பிறந்தா அதுக்கு என்ர பேர்தான் பின்னால வரவேணும். இஞ்ச வந்து விசாவுக்கு எல்லாரும் குடும்பப் பேர் கேட்டினம். அப்பாவின்ர பேரைச் சொன்னனாங்கள்."

லீஸ்பெத்துக்கு அதைப் புரியவைக்கவே நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் சொன்னது இது. வடகடல் ஓரத்தில் பேரின்பநாதன் என்ற பெயரில் இன்னொரு ஜோடி இருக்கிறது. அங்கேயும் கணவருக்கு எரிவாயுவை நம்பிய வேலைதான். இவ்வளவு நீளமான பெயர் இரண்டு குடும்பத்துக்கு இருக்கும் என்று மெஷின் நினைக்கவில்லை. இரண்டு ஜோடியையும் ஒரே குடும்பமாகச் சேர்த்து, அவர்களுக்கு வரப்போகிற மகளைக் கொண்டுவந்து இவர்கள் எதிரே உட்காரவைத்துவிட்டது.

"மன்னிச்சிருங்க" என்றார் லீஸ்பெத். "உங்களுக்குச் சரியான கணக்கை இப்பவே போட்டுத் தர்றோம். ரெண்டு திட்டத்துக்கும்."

"வேண்டாம்" என்றார் டிலக்சனா.

"உங்க உரிமை அது."

"வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அண்ணா. எங்களுக்கு வருமோ வராதோ எண்டு எனக்கு இப்ப கேக்கேலாது. அதை நாங்கள் வீட்டில இருந்து பாத்துக்கொள்ளுறம்." பிறகு நிமிர்ந்து, "ஆனா இலோனாவை நிப்பாட்டக் கூடாது. நாளைக்கு எனக்கு அவளோட நேரம் இருக்கு. அது எனக்கு வேணும்" என்றார்.

"அவங்க உங்க மக இல்லையே."

"பிழையா வந்தாலும் என்ர வாசலுக்குத்தானே வந்தவள். சாப்பிட்டியோ எண்டு கேட்டனான். இனி ஆரெண்டு தெரியாத மாதிரிக் கதவைச் சாத்தச் சொல்லுறியளோ?"

லீஸ்பெத் விதியைப் புரட்டிப் பார்த்தார். இப்படி ஒன்று நடக்கும் என்று விதி எழுதியவர்கள் நினைக்கவில்லை. அனுமதி கொடுத்தார்.

மறுநாள் இலோனாவிடம் டிலக்சனா எதையும் சொல்லவில்லை. நீ என் பிள்ளை இல்லை என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? நிறையக் கேட்டார். சின்ன வயதில் எதற்குப் பயப்படுவாய், காய்ச்சல் வந்தால் என்ன கேட்பாய், அம்மா உன்னை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவா. அந்த வீட்டுப் பெயரை இலோனா சொன்னபோது இரண்டு பேருமே சிரித்தார்கள். அதை இங்கே எழுத வேண்டாம் என்று டிலக்சனா என்னிடம் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

எப்படி வாக்களிப்பது என்று வருநரிடம் கேட்கக் கூடாது என்பது விதி. டிலக்சனா கேட்கவில்லை. "இலோனா, வேற ஒரு திட்டம் இருக்கு. அதில நீ இல்லை. தெரியுமோ?" என்று மட்டும் சொன்னார்.

லீஸ்பெத்தின் கை இலோனாவை நிறுத்துகிற பொத்தானுக்குப் போனது. ஆனால் அழுத்தவில்லை.

"அதுல எம் பையன் இருக்கானா?" என்று இலோனா கேட்டார்.

"இல்லையம்மா. நீ இல்லாட்டி அவன் எப்பிடி?"

"ஆமால்ல." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அந்த ஊருல பகல்ல பிள்ளைங்க வெளிய விளையாடுதா?"

டிலக்சனா என்னைப் பார்த்தார். நான் லீஸ்பெத்தைப் பார்த்தேன். லீஸ்பெத் தலையசைத்தார்.

"ஓம். விளையாடுதுகளாம்."

"யாரு பிள்ளைங்க?"

"ஆரோ ஆக்களின்ர."

இலோனா துண்டை மடியில் வைத்தார். கோபமா என்று நான் பார்த்தேன். கோபம் மாதிரி இல்லை. தூரத்துச் சத்தம் ஒன்றைக் காது கொடுத்துக் கேட்கிறவர் மாதிரி இருந்தார். பிறகு, "சத்தம் போடுவாங்கல்ல, வெளையாடறப்ப" என்றார். அதைக் கேள்வியாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் நானும் அதே மாதிரி நடுவில் நிற்கிற குரலில் சொன்னேன். நேரம் முடிந்தது. நாற்காலி காலியானது.

மறுநாள் வாக்கெடுப்பு. ஐந்து வருடத் திட்டம் வென்றது. வித்தியாசம் ரொம்பக் குறைவு. யாரும் கைதட்டவில்லை. இரண்டிலும் ஆள் உள்ளவர்கள்கூட.

ரயில் நிலையம் வரை நான் அவர்களோடு போனேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். டிலக்சனாவே சொன்னார்.

"அஞ்சுக்குத்தான் போட்டனான்."

யதுசன் அவருடைய பையை வாங்கிக்கொண்டார். "எனக்கு இனி வேலையில்லை அண்ணா. நான் சமைப்பன், இவ சாப்பிட வேணும். இவவுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேற இல்லை."

டிலக்சனா சிரிக்கவில்லை. "அண்ணா, அந்தத் தாய் தேப்பனை எனக்குப் பாக்க வேணும். லீஸ்பெத் பேர் தரமாட்டாவாம், சட்டமாம். நீங்கள் தமிழ்ச் சனம் வாசிக்கிற இடத்தில எழுதுறனீங்கள்தானே. எழுதுங்கோ."

"பாத்து என்னம்மா சொல்லுவீங்க?"

"இப்பிடி ஒரு பிள்ளை உங்களுக்கு இருக்கு, பெறுங்கோ எண்டு சொல்லுவன்."

"முன்னப் பின்னத் தெரியாத ஆக்களுக்குப் போன் எடுத்துப் பிள்ளை பெறுங்கோ எண்டு சொன்னா அடிக்க வருவினம்" என்றார் யதுசன்.

"வரட்டும். அஞ்சு வருசத்தில அவள் இல்லை எண்டு சொன்னதும் இந்தக் கணக்குத்தானே? கணக்கு பிழைக்கும் எண்டதை நாங்கள் கண்ணாலேயே பாத்தம். ஒருக்கா பிழைச்சது இன்னொருக்கா பிழைக்கட்டுமன். அவள் பிறக்கட்டும். வெளியில போய் விளையாடட்டும். என்னட்டத் தரவேண்டாம். எங்கயாவது இருந்தாக் காணும்."

ரயில் வந்துவிட்டது. அவர்கள் ஏறிப்போய்விட்டார்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். டிலக்சனாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இந்த ஜோடியைத் தெரியுமா? கணவர் கிளிநொச்சிப் பக்கம், அப்பா பெயர் பேரின்பநாதன். மனைவி அட்டனில் தோட்டத்தில் வளர்ந்தவர், மீன் வாசமே ஆகாது. ஜெர்மனியில் வடகடல் ஓரத்தில் எங்கேயோ இருக்கிறார்கள். வேலை போகப்போகிறது, ஊர் மாற வேண்டியிருக்கும், இந்த நேரத்தில் பிள்ளை எதற்கு என்று அவர்கள் இப்போது பேசிக்கொண்டிருக்கலாம். அப்படிப் பேசினால் தப்பும் இல்லை.

அந்த ஜோடிக்கு ஒன்று சொல்கிறேன், உங்களை யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. இலோனாவின் வீட்டுப் பெயரை மட்டும் உங்களிடம் சேர்க்க வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள், இல்லையென்றால் இதை அவர்கள் கண்ணில் படும்படி அனுப்பிவையுங்கள். இதைப் படிப்பது நீங்களேதான் என்றால் விவரம் எதுவும் வேண்டாம். "நாங்கள்தான்" என்று மட்டும் எழுதுங்கள்.